பிரெஞ்சில் எந்தச் சொல்? டெர்மியம், கியூபெக் வங்கி, பாரிஸ் பட்டியல், விதிநூல், இயந்திரம்: ஓர் ஒப்பீடு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியலுக்கு வெளியே ஓர் உலோகத் தொழிற்சாலை. அங்கே இயந்திரத்தைத் திருத்த இறங்கும் ஒவ்வொருவரும் மின்பெட்டியில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, பெயர் எழுதிய அட்டையையும் தொங்கவிட வேண்டும். அவர் உள்ளே கைவைத்திருக்கும்போது வேறு யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆங்கிலத்தில் இதற்கு லொக்அவுட் என்று பெயர். இதுபற்றிய பாதுகாப்புக் குறிப்பைப் பிரெஞ்சில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். பிரான்சில் அச்சான ஒரு கைநூலைப் பார்த்து 'கொன்சின்யசியோன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேற்பார்வையாளர் தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "இது போத்தல் காசைப் பற்றியதா?" என்று கேட்டார்.

கியூபெக்கில் 'கொன்சின்' என்றால், வெறும் போத்தலையும் தகரக் குவளையையும் கடையில் திருப்பிக் கொடுத்து வாங்கும் காசு. லொக்அவுட்டுக்கு இங்கே சொல்வது 'கதெனசாஜ்'. 'கதெனா' என்றால் பூட்டு. பூட்டைக் கையில் வைத்திருக்கும் தொழிலாளிக்கு அதைவிடத் தெளிவான சொல் இல்லை. பிரான்சின் கைநூலில் பூட்டும் கட்டத்துக்கு 'கொந்தம்னசியோன்' என்றொரு தனிச்சொல்லும் இருக்கிறது. அன்றாடப் பிரெஞ்சில் அதற்குத் தண்டனைத் தீர்ப்பு என்று பொருள். அதையும் நான் எழுதியிருந்தேன். தாள் சுவருக்குப் போகுமுன் அவர் கேட்டதால் தப்பியது.

அதற்குப் பிறகு, "அண்ணை, எந்த அகராதியைப் பாக்கிறது?" என்று யார் கேட்டாலும் நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. மொழிபெயர்ப்புப் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். விளையாட்டுக் கழகத்துக்கு இருமொழிக் கையேடு தயாரிக்கும் செயலாளர்கள் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் தொழில் பழகி, இப்போது பிரெஞ்சில் வேலை செய்யவேண்டிய தொழில்நுட்பர்களும் கேட்கிறார்கள். கியூபெக்கில் 2025 ஜூன் முதல் 25 முதல் 49 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களும் பிரெஞ்சுமயமாக்கல் விதிகளுக்குள் வந்துவிட்டதால், இந்தக் கேள்வி முன்பைவிட அதிகமாக வருகிறது.

## அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது, வாசிப்பவர் அத்திலாந்திக்கின் எந்தக் கரையில் இருக்கிறார் என்பது. நமக்கு இது புதிதல்ல. சென்னையில் கால்பந்து, யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம். இரண்டும் நல்ல தமிழ்தான், ஆனால் யாழ்ப்பாணத்துப் பாடசாலை அறிவிப்பில் எது வரவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பிரெஞ்சிலும் அப்படித்தான்:

| ஆங்கிலம் | கியூபெக் | பிரான்ஸ் |
|---|---|---|
| பக் (பனி ஹொக்கித் தட்டு) | ரொந்தெல் | பாலே |
| பவர் பிளே (பனி ஹொக்கியில் ஆள் கூடுதலாக ஆடும் நேரம்) | அவான்தாஜ் நுமேரிக் | சுப்பேரியோரித்தே நுமேரிக் |
| ஹாட்ரிக் | தூர் து ஷாப்போ | கூ து ஷாப்போ |
| டை-பிரேக் (டென்னிஸ்) | பிரி தேகாலித்தே | ஜெ தெசிசிஃப் (பேச்சில் டை-பிரேக்) |
| சொக்கர் (உதைபந்தாட்டம்) | சொக்கெர் | ஃபுட்போல் |
| ஹாஷ்டாக் | மோ-கிளிக் | மோ-தியேஸ் (பேச்சில் ஹாஷ்டாக்) |
| கிளவுட் கம்பியூட்டிங் | அன்ஃபோனுவாஜிக் | அன்ஃபோர்மாத்திக் ஆன் நுவாஜ் (பேச்சில் கிளவுட்) |
| லொக்அவுட் | கதெனசாஜ் | கொன்சின்யசியோன் |

இதில் சொக்கர் வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கியூபெக்கில் 'ஃபுட்போல்' என்று எழுதினால் தலைக்கவசம் போட்டு முட்டிமோதி ஆடும் வட அமெரிக்க ஆட்டம் என்றுதான் வாசிப்பார்கள். கழகத்தின் மைதான விண்ணப்பத்தில் இந்தச் சொல் பிழையாக இருந்தால் உங்களுக்கு வேறு மைதானம்தான் கிடைக்கும்.

இரண்டாவது, அந்தச் சொல்லுக்கு யார் பொறுப்பு என்பது. நடுவரா, சட்டமா, தரநிர்ணய அமைப்பா? ஆவணம் இரு மொழியிலும் இருந்து, இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒலிம்பிக் சாசனத்தில் பிரெஞ்சுப் பிரதிதான் செல்லும். உதைபந்தாட்ட விதிகளில் ஆங்கிலப் பிரதி செல்லும். கனடாவின் மத்திய சட்டங்களில் இரண்டுக்கும் சம அதிகாரம்.

மூன்றாவது, பதிவின் வயதும் அதில் இடப்பட்ட குறிப்பும். நான்காவது செலவு. இந்தக் கட்டுரையில் வரும் சொல்வங்கிகள், அதாவது கலைச்சொற்களைத் திரட்டி வைத்திருக்கும் இணையத்தளங்கள், எல்லாம் இலவசம். ஆனால் தவறான சொல்லைத் திருத்தி, மீண்டும் அச்சிட்டு, பழைய தாளைச் சுவரிலிருந்து கிழிக்கும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

## டெர்மியம் பிளஸ்

கனடா மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியகம் நடத்தும் சொல்வங்கி இது. 1970களின் தொடக்கத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் பிறந்து, சில ஆண்டுகளில் அரசின் கைக்கு வந்தது. நீண்ட காலம் சந்தா கட்டித்தான் பார்க்க முடிந்தது. 2009 முதல் எவரும் பார்க்கலாம். பல இலட்சம் பதிவுகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் அருகருகே இருக்கின்றன, பல இடங்களில் ஸ்பானிய மொழியும் உண்டு.

இதன் பெரும்பலம் பரப்பளவு. பனிச்சறுக்கிலிருந்து பாலக் கட்டுமானம் வரை, குத்துச்சண்டையிலிருந்து கொதிகலன் வரை எதைக் கேட்டாலும் ஏதாவது இருக்கும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் துறை எழுதியிருக்கும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குப் பத்துப் பதிவுகள் வரும்போது துறையைப் பார்க்காமல் முதலாவதை எடுப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. சொல்லுக்குப் பக்கத்தில் சரியானது, தவிர்க்கவேண்டியது, கனடா, ஐரோப்பா என்ற குறிப்புகள் சிறிய எழுத்தில் இருக்கும். கண் அந்தச் சிறிய எழுத்துக்குத்தான் முதலில் போகவேண்டும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். இந்த வங்கி உங்களுக்காக முடிவெடுக்காது. ஒரே பெட்டிக்குள் நான்கு பிரெஞ்சுச் சொற்களை வைத்துவிட்டு ஒதுங்கிவிடும், தேர்வு உங்களுடையது. பழைய பதிவுகளும் நிறைய. கணினி, தொலைத்தொடர்பு போன்ற வேகமாக மாறும் துறைகளில் பதிவின் தேதியைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். ஈட்டி எறிதலுக்கு இருபது வருடப் பதிவு இன்றும் பொருந்தும், கைத்தொலைபேசிக்குப் பொருந்தாது.

கனடாவின் மத்திய அரசோடு, அல்லது அதன் நிதியுதவி பெறும் தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களோடு உங்களுக்கு வேலை என்றால் இங்கேயே தொடங்குங்கள். ஆவணத்தைப் பரிசீலிப்பவரும் இதே பக்கத்தைத்தான் திறந்து வைத்திருப்பார்.

## கியூபெக்கின் ஜேதேதே

முழுப்பெயர் கிரான் திக்சியோனேர் தெர்மினோலொஜிக், அதாவது பெரும் கலைச்சொல் அகராதி. கியூபெக் பிரெஞ்சு மொழி அலுவலகம் நடத்துகிறது. 2022 முதல் 'வித்ரின் லிங்குவிஸ்திக்' என்ற பக்கத்தில் இலக்கணக் குறிப்புகளோடு சேர்ந்தே கிடைக்கிறது. அந்த அலுவலகம் 1961இல் தொடங்கியது, அதற்குப் பல் முளைத்தது 1977இன் பிரெஞ்சு மொழிச் சாசனத்தோடு. அலுவலகம் தரப்படுத்தி அரசிதழில் வெளியிட்ட சொல்லைக் கியூபெக் அரச நிர்வாகம் தன் ஆவணங்களில் பயன்படுத்தியே ஆகவேண்டும்.

டெர்மியம் ஒதுங்கி நிற்கும் இடத்தில் ஜேதேதே முடிவு சொல்லும். விரும்பத்தக்க சொல், சில சூழல்களில் மட்டும் பயன்படும் சொல், தவிர்க்கத்தக்க சொல் என்று மூன்றாகப் பிரித்து, ஏன் தவிர்க்கவேண்டும் என்றும் ஒரு பந்தி எழுதியிருப்பார்கள். மொழிபெயர்ப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பந்திகளை வாசிக்கச் சொல்வேன். சொல் எப்படிப் பிறக்கிறது, எதனால் சாகிறது என்று அங்கே கற்றுக்கொள்ளலாம். மின்னஞ்சலுக்கு இவர்கள் பரப்பிய 'கூரியேல்' 2003இல் பிரான்சின் அரசிதழிலேயே ஏறியது. கியூபெக்கிலிருந்து பாரிசுக்குச் சொல் போவது அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் பனி ஹொக்கிக்கும் பேஸ்போலுக்கும் கியூபெக்கில் இருக்கும் அழகான பிரெஞ்சுச் சொற்கள் இந்த அலுவலகத்தில் பிறந்தவை அல்ல. 1952 ஒக்டோபர் 11ஆம் திகதி மொன்றியல் ஃபோரம் அரங்கிலிருந்து முதல் ஹொக்கி ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. வர்ணனையாளர் ரெனே லெக்கவாலியே. அதுவரை பிரெஞ்சு பேசும் விசிறிகளும் ஆட்டத்தைப் பாதி ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அவர் ஒவ்வொரு சனி இரவும் ரொந்தெல், லான்சே ஃபிராப்பே (ஓங்கி அடிக்கும் அடி), மீஸ் ஆன் ஏஷெக் (உடலால் மோதித் தடுப்பது) என்று சொல்லிச் சொல்லி வீட்டு மேசைக்கே அந்தச் சொற்களைக் கொண்டுவந்தார். பேஸ்போலில் எக்ஸ்போஸ் அணி 1969 முதல் 2004 வரை மொன்றியலில் இருந்தது. வானொலியில் ஜாக் தூசே அதே வேலையை அந்த ஆட்டத்துக்குச் செய்தார். இந்தச் சொற்களுக்கு அரச முத்திரையைவிட வலுவான முத்திரை இருக்கிறது: அப்பா சொல்லிக் கேட்ட சொல் என்ற முத்திரை. ஜேதேதேயில் விளையாட்டுப் பதிவுகளை நான் நம்புவதற்குக் காரணமும் இதுதான். அவை வாயில் புழங்கிய பிறகு ஏட்டில் ஏறியவை.

தொழில்நுட்பத்தில் நிலைமை அவ்வளவு சீராக இல்லை. கராஜில் போய்க் கேளுங்கள். கிளட்ச், மஃப்ளர், பம்பர் என்றுதான் மெக்கானிக் சொல்வார். கட்டணச்சீட்டில் அம்பிரயாஜ், சிலான்சியே, பார்-ஷொக் என்று இருக்கும். எழுத்துக்கு ஏட்டுச்சொல்தான் சரி. ஆனால் பழகுநர் ஒருவருக்கான கையேட்டில் முதல் தடவை மட்டுமாவது பேச்சுச் சொல்லையும் பக்கத்தில் வையுங்கள். இல்லையென்றால் அவர் கையேட்டில் படித்த பாகமும் மெக்கானிக் எடுத்துவரச் சொல்லும் பாகமும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது.

கியூபெக்கில் வாசிக்கப்படும் எதற்கும் இதுவே என் முதல் தெரிவு. பிரான்சுக்கோ பிரெஞ்சு பேசும் ஆபிரிக்காவுக்கோ போகும் ஆவணத்துக்கு இதை மட்டும் நம்பவேண்டாம்.

## பாரிஸின் ஃபிரான்ஸ்தெர்ம்

பிரான்சின் கலாசார அமைச்சு நடத்துவது. துறைவாரி நிபுணர் குழுக்கள் முன்மொழிய, ஆணைக்குழு ஏற்று, அரசிதழில் வெளியிட்ட சொற்கள் மட்டுமே இதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணமும் அரசிதழ்த் திகதியும் உண்டு. அரச சேவைகளுக்கு அந்தச் சொல் கட்டாயம், மற்றவர்களுக்குப் பரிந்துரை.

இது அகராதி அல்ல, புதுச்சொல் பட்டியல். திருகாணிக்கும் சுத்தியலுக்கும் இங்கே தேடாதீர்கள். ஆங்கிலத்திலிருந்து புதிதாக உள்ளே வரும் சொல்லுக்கு மட்டும் தேடுங்கள். 2022 மே மாதம் கணினி விளையாட்டுக்கான ஒரு தொகுதி வந்தது: ஸ்ட்ரீமருக்கு 'ஜுவர்-அனிமத்தர் ஆன் திரெக்ட்', அதாவது நேரடியாக ஆடிக்காட்டி நிகழ்ச்சி நடத்துபவர். அரச ஒப்பந்தத்தில் அது அவசியம். பதினாறு வயதுப் பிள்ளைகள் வாசிக்கும் போட்டி அழைப்பில் போட்டால் யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்றே கேட்பார்கள். பட்டியல் சொல்லுக்கும் தெருச் சொல்லுக்கும் இடையிலான தூரம்தான் இங்கே மறைந்திருக்கும் செலவு. மோ-தியேஸ் என்று பிரான்சின் அமைச்சுகள் எழுதலாம், கடைக்காரர் எழுதமாட்டார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐயாட்டே வங்கியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 24 மொழிகளில், 2007 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒன்றியத்தின் சட்டம், மீன்பிடி, இரசாயனப் பொருள் விதிகள் என்றால் உயிர்காக்கும். விளையாட்டுக்கு நான் திறப்பதில்லை.

## விதிநூலும் தரநியமமும்

என் மனச்சாய்வு இங்கேதான், அதை மறைக்கவில்லை. ஆட்டத்துக்கு விதிநூல் இரு மொழியிலும் இருந்தால் எல்லா வங்கிகளையும் மூடிவைத்துவிட்டு அதைத் திறவுங்கள். ஆடுகளத்தில் தர்க்கம் வந்தால் நடுவர் கையில் எடுப்பது அதைத்தான். வாள்வீச்சில் இது இன்னும் தெளிவு. சர்வதேசப் போட்டி மேடைகளில் நடுவர் 'ஆன் கார்ட், ப்ரே, அலே' என்று பிரெஞ்சில்தான் ஆணையிடுகிறார். அதை ஆங்கிலப்படுத்திக் கையேடு எழுதினால் பிள்ளை போட்டியன்று மேடையில் விழித்துக்கொண்டு நிற்கும்.

தொழில்நுட்பத்தில் இதற்கு இணையாக மின்துறையில் எலெக்ட்ரோபீடியா இருக்கிறது. 1906இல் தொடங்கிய சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் சொற்களஞ்சியம் அது. 20,000க்கும் மேற்பட்ட கருத்துகளுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரைவிலக்கணம் தருகிறது, பணம் கேட்பதில்லை. பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளில் பலருக்கு இது தெரியாதிருப்பது எனக்குக் கவலை. சர்வதேசத் தரநிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் நியமங்களை விலைக்குத்தான் வாங்கவேண்டும், ஆனால் அவற்றின் சொல்லும் வரைவிலக்கணமும் அதன் தேடுபக்கத்தில் இலவசமாகவே தெரியும்.

செலவு இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, விதிநூல் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்திய பிடிஎஃப்பை எடுத்து வேலை செய்து முடித்தபின் விதியின் தலைப்பே மாறியிருப்பது தெரியவந்தால் முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும். மற்றது, சில சிறு சம்மேளனங்களின் பிரெஞ்சு விதிநூல் அவசரத்தில் மொழிபெயர்த்தது. ஒரே கருத்துக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேறு சொல் இருந்தால் அதை மேற்கோளாக எடுக்கலாம், வழிகாட்டியாக எடுக்கவேண்டாம்.

இதே தலைப்பின் கீழ் இன்னொன்றையும் சேர்க்கிறேன்: களத்தில் நிற்பவரிடம் கேட்பது. ஐந்து நிமிடம் அரீனாவில் ஒரு பயிற்றுநரோடு பேசியது, ஒரு பிற்பகல் முழுக்கத் தேடியதைவிடப் பலமுறை எனக்கு உதவியிருக்கிறது. அந்த மேற்பார்வையாளரைத் தாள் எழுதுமுன் கேட்டிருந்தால் கதெனசாஜ் அன்றே கிடைத்திருக்கும்.

## இயந்திர மொழிபெயர்ப்பு

முதல் வரைவுக்கு நானும் பயன்படுத்துகிறேன். ஆங்கிலம்-பிரெஞ்சு இணைக்கு அது நன்றாகவே எழுதுகிறது. ஆபத்தும் அதில்தான், ஏனென்றால் வாக்கியம் வழுவழுவென்று ஓடும்போது கண் சொல்லில் நிற்காது. ஒரு ஹொக்கிக் கையேட்டில் முதற்பக்கத்தில் ரொந்தெல், மூன்றாம் பக்கத்தில் பாலே என்று வந்ததைக் கடைசி வாசிப்பில்தான் பிடித்தேன். இரண்டும் சரியான பிரெஞ்சு என்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் வாய் திறக்கவில்லை.

எங்கிருந்து எடுத்தது என்று அது சொல்லாது. வங்கிப் பதிவில் துறை, மூலம், திகதி எல்லாம் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. வாடிக்கையாளரின் வரைபடக் குறிப்புகளை இலவசச் சேவையில் ஒட்டுவது இரகசிய உடன்பாட்டை மீறுவதாகவும் முடியலாம்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் மேலே சொன்ன மூலங்களிலிருந்து நாற்பது ஐம்பது சொற்களுக்கு உங்கள் சொந்தப் பட்டியலைச் செய்யுங்கள், பிறகு இயந்திரத்துக்குக் கொடுங்கள். பல சேவைகள் அப்படியொரு பட்டியலை ஏற்று அதையே பின்பற்றும். உயிர், மின்சாரம், அழுத்தம், மருந்து சம்பந்தப்பட்ட தாள் என்றால் வரைவுக்குக்கூட அதை நான் தொடுவதில்லை.

## எந்த மூலமும் முழுதாகப் பொருந்தாதபோது

கடைசியாக ஒரு கடினமான வேலை. மொன்றியலில் நம்முடைய இளைஞர் கழகம் ஒன்று மாநகரசபையிடம் கிரிக்கெட் மைதானம் கேட்டது. ஆட்டம் என்னவென்று பிரெஞ்சில் எட்டுப் பக்கம் எழுதித் தரவேண்டும். கிரிக்கெட்டுக்கு ஒரு லெக்கவாலியே கிடைக்கவில்லை. ஒலிம்பிக்கில் அது ஒரே ஒரு தடவை, 1900இல் பாரிஸில் ஆடப்பட்டது. 2028இல் லொஸ் ஏஞ்சலஸில்தான் திரும்ப வருகிறது.

விக்கெட்டுக்கு 'கிஷே' என்று வங்கிகள் தருகின்றன. சரிதான், ஆனால் ஆங்கிலத்தில் விக்கெட் என்பது மூன்று தடிகளையும் குறிக்கும், ஆட்டமிழப்பையும் குறிக்கும், நடு ஆடுதளத்தையும் குறிக்கும். நமது பத்திரிகைகளில் 'மூன்று இலக்குகளை இழந்து' என்று எழுதிப் பழகியதால் ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பது நமக்கு உறுத்துவதில்லை. பிரெஞ்சு வாசகருக்கோ கிஷே என்றால் பயணச்சீட்டு வாங்கும் சாளரம். மூன்று சாளரங்களை ஒரு அணி எப்படி இழக்கும்? தடிகளுக்கு மட்டும் கிஷே என்று வைத்து, பக்கத்தில் படம் போட்டோம். ஆட்டமிழப்புக்கு மொன்றியல்காரர் எக்ஸ்போஸ் காலத்திலிருந்து பேஸ்போலில் கேட்டுப் பழகிய 'ருத்ரே' என்ற சொல்லை எடுத்தோம். பந்துவீச்சாளர் இரண்டு ஆட்டத்திலும் 'லான்சேர்' என்பதால் அதில் சிக்கல் இல்லை. துடுப்பாட்டக்காரரில்தான் நின்று யோசித்தோம். பேஸ்போலில் 'ஃபிராப்பர்', கிரிக்கெட்டில் பிரான்சில் சொல்வது 'பத்தர்'. பத்தர் என்றே வைத்தோம், பிள்ளைகள் நாளைக்குப் பிரான்சின் அணியோடு ஆடினாலும் அதே சொல் காதில் விழவேண்டும் என்பதற்காக.

எட்டாம் பக்கத்தின் பின்புறத்தில் முப்பத்தெட்டுச் சொற்களின் அட்டவணை: ஆங்கிலம், கியூபெக்கில் எழுதும் சொல், பிரான்சில் எழுதும் சொல், எங்கிருந்து எடுத்தோம், எந்தத் திகதியில் பார்த்தோம். அடுத்த வருடம் செயலாளர் மாறினாலும் அந்தத் தாள் கழகக் கோப்பில் இருக்கும்.